2,400 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு பழுது

மாணவர்களே, 1977-இல் ஏவப்பட்ட வாயேஜர்-1 விண்கலம் வியாழனையும் சனியையும் ஆராய்ந்தபின், 2012-இல் விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியை அடைந்தது. 2023 நவம்பரில் அது அனுப்பிய செய்திகள் திடீரெனப் பொருளற்றுப் போயின. கணிப்பொறி நினைவகத்தில் ஒரு சில்லு பழுது! மாற்ற யார் போவது? தொலைவு ஏறத்தாழ 2,400 கோடி கிலோமீட்டர். இதை ஒளியின் வேகமான வினாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டரால் வகுத்துப் பாருங்கள். ரேடியோ அலை போய்ச் சேரவே 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும். பழுதான சில்லில் இருந்த நிரலை வேறிடத்துக்கு மாற்றலாம் என்றால், அந்தக் காலத்து நினைவகம் மிகச் சிறியது; முழு நிரலும் கொள்ளுமளவு காலியிடம் எங்குமில்லை. ஆகவே பொறியாளர்கள் அதைத் துண்டுகளாக்கி, கிடைத்த இடங்களில் பிரித்து வைக்கத் திட்டமிட்டனர். முதல் துண்டுக்கான ஆணை 2024 ஏப்ரல் 18-இல் புறப்பட்டது. ஏப்ரல் 20-இல் கலம் தன் நிலையைத் தெளிவாகச் சொல்லிற்று; ஜூனில் இயங்கிவந்த நான்கு அறிவியல் கருவிகளும் மீண்டும் செய்தி அனுப்பின.