வல்லடி வழக்கும் நியாயஸ்தலத்தின் வாயிலும்

நியாயமற்ற உரிமையொன்றை வலிந்து சாதிக்க முயல்வதை வல்லடி வழக்கு என்று கூறுவது தமிழ் மரபு. வழக்கு என்னும் ஒரே சொல் உலக வழக்கத்தையும் கோர்ட்டு விவகாரத்தையும் குறிப்பது நம் மொழியின் விநோதங்களுள் ஒன்று. சிலருடைய வாழ்க்கையில் இவ்விரண்டும் ஒன்றாகவே ஆகிவிடுகின்றன. ஒரு முறை தோற்றவன் அத்துடன் அடங்கிவிடுவானாயின் தீங்கு சிறிதே. தோற்ற விவகாரத்தையே வேறு பெயரிட்டு, பிரதிவாதிகளைக் கூட்டியும் குறைத்தும், முனிசீப் கோர்ட்டில் இழந்ததை ஜில்லாக் கோர்ட்டில் தேடியும், ஈற்றில் தீர்ப்பெழுதிய நீதிபதியையே பிரதிவாதியாக்கியும், ஆண்டுதோறும் பிராது கொடுப்பவன் ஒருவன் உளனாயின் அவனை என் செய்வது? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நியாயஸ்தலத்தின் வாயில் பிற வாயில்களைப் போன்றதன்று. உரிய ஸ்டாம்புக் கட்டணத்துடன் முறைப்படி எழுதிய பிராது வந்தால், அதைக் கொணர்ந்தவன் யோக்கியனா அயோக்கியனா என்று வாயிலில் எவரும் வினவுவதில்லை. பிராது பதிவாகும், சம்மன் புறப்படும். சம்மன் பெற்றவன், இது பொய்யென்று நகைத்து வீட்டில் அமர்ந்திருத்தல் இயலாது. குறித்த நாளில் ஆஜராகாவிடின், அவன் இல்லாமலே அவனுக்கு எதிராகத் தீர்ப்பாகிவிடக் கூடும். ஆதலின் அவன் வக்கீலை அமர்த்த வேண்டும். பத்திரங்களைத் தேட வேண்டும். தொழிலை விட்டு வாய்தாதோறும் அலைய வேண்டும். முடிவில் அவன் வெல்லுவான் என்பது மெய்யே. எனினும் செலவுத்தொகையைக் கொடுக்க எதிரியிடம் பொருள் இருந்தாலன்றோ அவ்வெற்றி பயன்படும்?

முன்னரே தீர்ந்த விவகாரத்தை மீண்டும் விசாரித்தலாகாது என 1908-ஆம் ஆண்டு ஸிவில் நடைமுறைச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு விதிக்கின்றது. பொய் வழக்குக்கு ஈடாக எதிரிக்குத் தொகை வழங்கும் 35-ஏ பிரிவு 1922-இல் சேர்ந்தது. அத்தொகையின் உச்ச வரம்பு முதலில் 1,000 ரூபாய். 1976-இல் 3,000 ரூபாயாயிற்று. இவை நல்ல விதிகளே. ஆயினும் பகைவன் கோட்டைக்குள் புகுந்த பின்னர் எழுப்பும் மதிலை இவை ஒக்கும். பிரதிவாதி வந்து எடுத்துரைத்த பின்னரே பெரும்பாலும் இவை உதவும். அவன் வரநேர்ந்ததே வல்லடியானுக்குப் பாதி வெற்றியன்றோ!

இத்துன்பத்துக்குத் தனிச் சட்டம் வகுத்தவர் ஆங்கிலேயர். அலெக்ஸாந்தர் சாபர்ஸ் என்பவர் லண்டனில் ஸொலிஸிட்டர் தொழில் புரிந்தவர். 1872-இல் ஸர் டிராவெர்ஸ் டுவிஸ் என்னும் புகழ்பெற்ற சட்ட அறிஞரின் மனைவியார்மேல் இவர் சாட்டிய இழிந்த குற்றத்தால், டுவிஸ் தம் பதவிகளைத் துறக்க நேர்ந்தது. பிற்காலத்தில் இவர் வழக்காடுதலையே தொழிலாக்கினார் எனலாம். வேல்ஸ் இளவரசர், காமன்ஸ் சபையின் சபாநாயகர், காண்டர்பரி அத்தியக்ஷர், நீதிபதிகள் ஆகிய பெருமக்கள்மேல் இவர் தொடுத்த வழக்குகள் 48 என்பர். செலவுத்தொகை கொடுக்கும்படி பிறந்த உத்தரவுகளை இவர் பொருட்படுத்தவில்லை. இவரை முன்னிட்டே 1896-இல் பார்லிமெண்டு ஒரு சட்டம் இயற்றியது. ஒருவர் நியாயமான காரணமின்றி வழக்கமாகத் தொல்லை வழக்குகளைத் தொடுப்பவர் என அட்டர்னி ஜெனரல் விண்ணப்பித்து, ஹைக்கோர்ட்டும் அதை ஏற்றால், அன்று முதல் அவர் கோர்ட்டின் அனுமதியின்றி வழக்குத் தொடுத்தலாகாது. அடுத்த ஆண்டே சாபர்ஸ் இவ்வுத்தரவுக்கு ஆளானார்.

எளிய பிரஜைகள் எத்தனை பேர் அதற்கு முன் இவ்வாறு துன்புற்றனரோ! இளவரசர் வாயிலில் சம்மன் வந்து நின்ற பின்னரே சட்டம் விழித்துக்கொண்டது என்பது எம் கருத்து.

ஆங்கில நீதிபதிகள் இச்சட்டத்தை ஆர்வத்துடன் தழுவினர் என்று எண்ணிவிடலாகாது. 1915-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதியில் அச்சான ஒரு வழக்கில், இவ்வாறு தடை விதிக்கப்பட்ட ஒருவர் பிறர்மேல் குற்ற வழக்குத் தொடரலாமா என்னும் வினா எழுந்தது. அரசனுடைய நியாயஸ்தலத்தை அணுகுதல் பிரஜையின் அரிய உரிமை. அதைக் குறைக்கும் சட்டத்தைச் சுருக்கியே பொருள்கொள்ள வேண்டும் என்று கூறி, அச்சட்டம் குற்ற வழக்குகளைத் தடுக்காது எனத் தீர்த்தனர். வல்லடியானுக்கு ஒரு வாயில் திறந்தே கிடந்தது.

நம் சென்னை மாகாணத்தில் 1949-ஆம் ஆண்டின் 8-ஆம் சட்டத்தை இயற்றியோர் அவ்வாயிலையும் மறந்திலர். ஸிவில், கிரிமினல் என்னும் இருவகையையும் வெளிப்படையாகவே குறித்தனர். இங்கு விண்ணப்பிப்பவர் அட்வொகேட் ஜெனரல், உத்தரவிடுவது ஹைக்கோர்ட்டு. பகைவனை அடக்க எண்ணும் தனி மனிதன் இச்சட்டத்தைக் கையிலெடுத்துக்கொள்ள இயலாது என்பதைக் கவனிக்க. உத்தரவு பிறந்தபின், சென்னை நகரில் ஹைக்கோர்ட்டின் அனுமதியும், வெளி ஜில்லாக்களில் ஜில்லா ஸெஷன்ஸ் நீதிபதியின் அனுமதியும் வேண்டும். மேற்பார்வைக்கு வழக்கில் ஆதாரம் உண்டெனத் தோன்றினாலன்றி அனுமதி கிடையாது.

இஃது ஏழையின் வாயை அடைப்பதாகாதோ என ஐயுறுவோர் உளர். அவ்வையம் எளிதில் தள்ளத்தக்கதன்று. திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் நிகழ்ந்ததாகப் பெரியபுராணம் கூறும் வழக்கை நினைவுகூர்க. மணப்பந்தரில் வந்து நின்ற முதிய அந்தணர், மணமகனாகிய நம்பியாரூரர் தமக்கு அடிமை என்றார். கேட்டோர் நகைத்தனர். நம்பியாரூரர் அவரைப் பித்தன் என இகழ்ந்து, காட்டிய ஓலையையும் கிழித்தெறிந்தார். ஆயினும் சபையார் முதியவரைத் துரத்திவிடவில்லை. மூல ஓலையை வாங்கி, பாட்டனாரின் கையெழுத்தோடு ஒப்புநோக்கினர். வழக்கு முதியவர் பக்கமே தீர்ந்தது. நகைப்புக்கிடமாகத் தோன்றும் வழக்கும் ஓலையைப் பார்த்த பின்னரே பொய்யென்றோ மெய்யென்றோ துணியத்தக்கது. ஆதலின், படியாமலே தள்ளுக என்று ஒரு சட்டம் கூறுமாயின் அது கொடுஞ்சட்டமேயாகும். 1949-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வாறு கூறவில்லை. நீதிபதி முதலில் ஓலையைப் படிக்கட்டும், எதிரிக்குச் சம்மன் பிறகு செல்லட்டும் என்பதே அதன் கருத்து. ஆந்திர ராஜ்யத்திலிருந்து எழுந்த வழக்கொன்றில் 1965-இல் இச்சட்டத்தை ஆராய்ந்த ஸுப்ரீம் கோர்ட்டும், இஃது உரிமையைப் பறிப்பதன்று, எதிரி துன்புறுவதற்கு முன் கோரிக்கையின் நேர்மையைச் சோதிப்பதே எனக் கண்டது.

எண்ணிக்கை ஒன்றே அளவுகோலாகிவிடலாகாது. பத்து வயல்களைப் பத்து அயலார் கவர்ந்தால் ஒருவன் பத்து வழக்குகள் தொடுத்தே தீர வேண்டும். அவன் வல்லடியான் அல்லன். வழக்கமாக என்பதும், நியாயமான காரணமின்றி என்பதும் ஒருங்கே அமைதல் வேண்டும். வெளி ஜில்லாவில் அனுமதி தர வேண்டிய நீதிபதி, முன்னர் அவனால் தூற்றப்பட்டவராகவே இருத்தலுங்கூடும். அங்கே மனத்தை நடுநிலையில் நிறுத்துதல் எத்துணை அரிது!

பம்பாய்ப் பக்கத்தில் மகாராஷ்டிர ராஜ்யம் 1971-இல் இத்தகைய சட்டம் செய்தது. இந்தியா முழுமைக்கும் ஒரே சட்டம் வேண்டுமென 2005-இல் சட்டக் கமிஷன் தன் 192-ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது. அவ்வறிக்கை முன்மாதிரிகளுள் ஒன்றாக ஆராய்ந்தது நம் சென்னைச் சட்டத்தையே. சட்டம் பயில விரும்பும் மாணவர் அச்சிறிய சட்டத்தின் 2-ஆம் பிரிவையேனும் ஒருமுறை படித்துப் பார்ப்பாராக. தடைக்கு ஆளாகவிருப்பவன் வறுமையால் வக்கீலை அமர்த்த இயலாதவன் எனத் தோன்றின், அவன் பொருட்டு வாதாட ஹைக்கோர்ட்டே ஒரு வக்கீலை அமர்த்தலாம் என்று அதில் எழுதப்பட்டிருக்கின்றது.