பாடாத கரடி பொம்மையைப் பாட வைக்க

வயிற்றை அமுக்கினால் பாட்டு வரவில்லை என்றதும் புது பொம்மை வாங்கக் கிளம்பிவிட வேண்டாம். உள்ளே இருப்பது பெரும்பாலும் மூன்று பட்டன் செல், ஒரு சின்ன ஸ்பீக்கர், கறுப்புப் பொட்டு வைத்த ஒரு போர்டு, அவ்வளவுதான். வீட்டுக்கு வீடு தையல் தெரிந்த அவிநாசியில் இதைப் பிரித்து மூடுவது பெரிய வேலையே அல்ல. குழந்தை தூங்கிய பிறகு உட்காருங்கள். வயிறு பிரிந்த கரடியை அது பார்க்க வேண்டாம்.

1. முதலில் காது கொடுத்துக் கேளுங்கள். பாட்டு இழுவையாக, குரல் தடித்து வந்தால் செல் தீர்ந்துவிட்டது. கரகரத்தால் ஸ்பீக்கர் கிழிந்திருக்கும் அல்லது ஈரம் பட்டிருக்கும். அசைக்கும்போது மட்டும் விட்டு விட்டு வந்தால் ஒயர் விட்டிருக்கிறது. நிறுத்தாமல் பாடினால் சுவிட்ச் அமுங்கியபடி சிக்கியிருக்கிறது.

2. பஞ்சு அடைத்தபின் கையால் மூடிய தையல் ஒன்று முதுகிலோ அடியிலோ இருக்கும். விரலால் தடவினால் சற்று மேடாகத் தட்டுப்படும். பிசிறு வெட்டும் கத்தரியால் அதை மட்டும் பிரியுங்கள்.

3. மூன்று செல்லையும் ஒன்றாகவே மாற்ற வேண்டும். பழசு ஒன்று கலந்தால் புதுசும் சீக்கிரம் போய்விடும். எல்ஆர் 44, ஏஜி 13 என்று எந்தப் பெயரில் கேட்டாலும் ஒரே அளவுதான். கம்பியில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால், பட்ஸில் எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்து, பிறகு ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிடுங்கள்.

4. கழற்றிய செல்லை மேசையில் விட்டுவிட்டு எழுந்து போகவே கூடாது. தீர்ந்த செல்லும் ஆபத்துதான். குழந்தை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதை வெந்து புண்ணாகும். பெரிய லித்தியம் காயின் செல் இன்னும் மோசம். விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு ஓடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், சோறு தண்ணீர் எதுவும் தராதீர்கள். ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு, கையில் தேன் இருந்தால், போகிற வழியில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு டீஸ்பூன் தரலாம். தேன் தேடி நேரம் கடத்த வேண்டாம். பழைய செல்லின் இரு பக்கமும் செலோடேப் ஒட்டி, எட்டாத உயரத்தில் வையுங்கள்.

5. ஸ்பீக்கருக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க, ஒரு பென்சில் செல்லின் இரு முனையிலிருந்தும் ஒயர் எடுத்து ஸ்பீக்கரில் ஒரு நொடி தொடுங்கள். ‘டப்’ என்று சத்தம் வந்தால் நன்றாக இருக்கிறது. வராவிட்டால் அதே அளவில் 8 ஓம் ஸ்பீக்கர் வாங்கி, செல்போன் பழுது பார்க்கும் கடையில் ஈயம் வைத்துக்கொள்ளலாம்.

6. போர்டே போயிருந்தால், குரல் பதியும் சின்ன போர்டு தனியாகக் கிடைக்கிறது. ஐஎஸ்டி 1820 சிப் உள்ளதில் சுமார் 10 நொடி பதியலாம், செல்லைக் கழற்றினாலும் அழியாது. சினிமாப் பாட்டை விட, “கண்ணு, சோறுண்டாச்சா?” என்று அமுச்சியின் குரலைப் பதிந்து பாருங்கள். வெளியூரில் இருக்கும் பேரனுக்கு அதைவிட நல்ல பரிசு எனக்குத் தெரிந்து இல்லை. ஃபேனை நிறுத்திவிட்டு, மைக்குக்கு ஒரு சாண் தள்ளிப் பேசச் சொல்லுங்கள். பதிந்ததும் ‘ரெக்’ பட்டன் அமுங்காதபடி மூடி போட்டு ஒட்டிவிடுங்கள். தெரியாமல் அமுங்கினால் குரல் போய்விடும்.

7. போர்டை வெறுமனே பஞ்சுக்குள் திணிக்காதீர்கள். பஞ்சு இழைதான் சுவிட்சிலும் ஸ்பீக்கரிலும் புகுந்து கெடுக்கிறது. பனியன் கட்டிங் வேஸ்ட்டில் இன்டர்லாக் துணி எடுத்து இரட்டையாகப் பை தைத்து, அதற்குள் வையுங்கள். சிங்கிள் ஜெர்சி ஓரம் சுருண்டு தொல்லை தரும். செல் பெட்டிக்குக் கட்டாயம் ஸ்க்ரூ இருக்க வேண்டும், வெல்க்ரோ மட்டும் போதாது.

8. அமுக்கினால் கீச்சிடும் பொம்மைக்குச் செல்லே கிடையாது. காற்றுப் பை ஓட்டையாகியிருந்தால் புதுசு போடுங்கள். அதற்கும் அந்தத் துணிப் பை வேண்டும்.

9. போர்டை வைக்கும் முன்னால், பஞ்சு அடைத்த பொம்மை மேல் ஒரு காந்தத்தை நகர்த்திப் பாருங்கள். குழந்தை உடுப்பு ஏற்றுமதி செய்யும் திருப்பூர் கம்பெனிகளில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டும் கிடைக்கும்வரை விடமாட்டார்கள், துணியை மெட்டல் டிடெக்டரிலும் விடுவார்கள். வீட்டிலும் அந்தக் கண்டிப்பு வேண்டும். ஸ்பீக்கரிலேயே காந்தம் இருப்பதால் அதை வைத்தபின் சோதிக்க முடியாது.

10. இரட்டை பாலியஸ்டர் நூலில் நெருக்கமாக மறைதையல் போட்டு, இரு பக்கமும் பிடித்து இழுங்கள். பொம்மைத் தையலை ஆய்வகத்தில் 70 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 7 கிலோ எடை தரும் விசையில் இழுத்துப் பார்ப்பார்கள். இடைவெளி தெரிந்தால் பிரித்து மறுபடி தையுங்கள்.

11. புதிதாக வாங்குவதானால் ஐஎஸ்ஐ முத்திரை பாருங்கள். 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு அது கட்டாயம்.

12. சத்தம் அதிகமென்றால் ஸ்பீக்கர் துளைகளின் மேல் செலோடேப் ஒட்டுங்கள், குறையும். துவைக்கும்போது பையோடு போர்டை எடுத்துவிட்டு, பஞ்சு முழுக்கக் காய்ந்த பிறகே திரும்ப வையுங்கள்.