சமுத்திர மாசடைதலும் கடல்வாழ் உயிரினப் பாதுகாப்பும்

சமுத்திர மாசடைதல் பற்றி வினா வந்தால் மாணவர்களிற் பெரும்பாலோர் முதலில் எழுதும் விடை "எண்ணெய்க் கசிவு" என்பதாகும். இது பிழையான விடையன்று. ஆயினும் இலங்கைக் கடலில் 2021ஆம் ஆண்டு நிகழ்ந்த பேரனர்த்தத்தில் நீண்டகாலத் தீங்கை விளைவித்தது எண்ணெய் அன்று. பருப்பளவேயான பிளாஸ்டிக் மணிகளே. எனவே இப்பாடத்தை அந்த ஒரு சம்பவத்தின் வழியாகவே கற்போம்.

சம்பவம்

எக்ஸ்பிரஸ் பேர்ள் என்பது சிங்கப்பூரில் பதிவுசெய்யப்பட்ட கொள்கலன் கப்பலாகும். 2021இல் தான் அது சேவைக்கு விடப்பட்டது. அதில் 1486 கொள்கலன்கள் இருந்தன. ஏற்றப்பட்ட பொருள்களுள் 25 தொன் நைத்திரிக் அமிலமும் ஒன்று. பயணத்தின்போதே அமிலம் கசிவது கண்டறியப்பட்டது. கட்டாரின் ஹமாட் துறைமுகத்திலும் இந்தியாவின் ஹசிரா துறைமுகத்திலும் அக்கொள்கலனை இறக்க அனுமதி கேட்கப்பட்டபோது, அதற்குரிய வசதி இல்லையெனக் கூறப்பட்டது. கசிவு நிறுத்தப்படாமலே கப்பல் கொழும்பை வந்தடைந்தது.

மே 20ஆந் திகதி, கொழும்புத் துறைமுகத்திற்கு வெளியே நங்கூரமிட்டிருந்த கப்பலில் தீ பரவியது. 25ஆந் திகதி வெடிப்பு நிகழ்ந்ததும் மாலுமிகள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். யூன் 2ஆந் திகதி ஆழ்கடலுக்கு இழுத்துச்செல்ல முயன்றபோது, கப்பலின் பின்பகுதி சுமார் 21 மீற்றர் ஆழத்தில் கடலடியைத் தொட்டு நின்றுவிட்டது.

இங்கு இரசாயனவியற் பாடத்தையும் நினைவுகூருங்கள். நைத்திரிக் அமிலம் தானாக எரிவதில்லை. அது வலிமையான ஒட்சியேற்றும் கருவி. மரம் போன்ற சேதனப் பொருள்களுடன் அது தொடுகையுறும்போது வெப்பம் வெளிப்பட்டுத் தீ மூளக்கூடும்.

மணிகள் ஏன் ஆபத்தானவை?

வாளி, போத்தல், பொலித்தீன் பை ஆகியவற்றைச் செய்யும் தொழிற்சாலைகளுக்குப் பிளாஸ்டிக் சில மில்லிமீற்றர் அளவான மணிகளாகவே அனுப்பப்படுகின்றது. கப்பலில் இத்தகைய மணிகள் சுமார் 1680 தொன் இருந்தன. கடலில் பிளாஸ்டிக் மணிகள் கொட்டுண்ட சம்பவங்களுள் பதிவாகியவற்றில் இதுவே மிகப் பெரியதென ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர்கள் குறிப்பிட்டனர்.

கடல்நீரின் அடர்த்தி சுமார் 1.025 கி/க.ச.மீ. பொலித்தீனின் அடர்த்தி 1ஐ விடக் குறைவு. ஆகவே மணிகள் மிதக்கும். அது தென்மேல் பருவப்பெயர்ச்சிக் காற்றுத் தொடங்கும் காலமாதலால், அலைகள் அவற்றை மேற்குக் கரைக்கு வாரிக்கொண்டு வந்தன. வெண்பனி கொட்டியது போல மணல் மூடிக் கிடந்த அக்காட்சியைப் பத்திரிகைப் படங்களிற் பலர் பார்த்திருப்பீர்கள்.

மிதக்கும் மணி மீன்முட்டை போலத் தோன்றும். மீன்களும் கடற்பறவைகளும் அதனை உணவென்று விழுங்கும், விழுங்கியது சமிபாடடையாது. கடல்நீரிலுள்ள நச்சுச் சேதனப் பொருள்கள் மணியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்வதும் உண்டு. மணிகள் உக்குவதில்லை. சூரிய ஒளியின் புறஊதாக் கதிர்களால் நொருங்கி, மேலும் சிறிய துணிக்கைகளாகின்றன. எரிந்து கட்டிபட்ட மணிகளோ இன்னும் மோசமானவை. அவை எளிதில் உடைவதுடன், எரிதலில் உண்டான நச்சுப் பொருள்களையும் கொண்டிருக்கும்.

சரி, கரையைத் துப்புரவு செய்தால் முடிந்துவிடாதா? பெரிய இயந்திரங்களை இறக்கினால் மணலும் அதிலுள்ள சிற்றுயிர்களும் சேர்ந்து அள்ளுப்படும். ஆமை முட்டையிடும் இடங்களும் குலைந்துவிடும். ஆகவே படையினரும் தொண்டர்களும் மணலைக் கையால் அள்ளி, அரிதட்டில் அரித்தே மணிகளைப் பிரிக்க நேர்ந்தது. இன்று அரித்த கரையில் அடுத்த வற்றுப்பெருக்குடன் மீண்டும் மணிகள் வந்து ஒதுங்கும்.

மேற்குக் கரையோரத்தில் மீன்பிடி தடைசெய்யப்பட்டது. தடை இல்லாத இடங்களில் பிடித்த மீனையும் வாங்க மக்கள் அஞ்சினர். கொவிட் பயணக் கட்டுப்பாடும் அதே நாட்களில் நடைமுறையில் இருந்ததால், மீனவக் குடும்பங்கள் இருபுறமும் இடிபட்டன. இதனை விடையில் "பொருளாதார விளைவு" என ஒரு சொல்லில் எழுதி முடித்துவிடாது, சற்று விரித்தெழுதுக.

சட்டமும் அதன் எல்லையும்

இலங்கையில் 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க சமுத்திர மாசுறல் தடுப்புச் சட்டம் நடைமுறையிலுள்ளது. மாசுபடுத்தியவரே நட்டத்தைச் செலுத்த வேண்டும் என்ற தத்துவம் பற்றியும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். 2025 யூலை 24ஆந் திகதி, இக்கப்பலுக்குப் பொறுப்பான தரப்பினர் 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்த வேண்டுமென உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 417 ஆமைகள், 48 டொல்பின்கள், 8 திமிங்கிலங்கள் ஆகியவற்றின் இறப்பும் அவ்வழக்கிற் கவனத்திற் கொள்ளப்பட்டது.

எனினும் ஒரு விடயம் கவனிக்கத்தக்கது. விபத்து நடந்தபோது நைத்திரிக் அமிலம் சர்வதேசக் கப்பல் விதிகளின்படி "அபாயகரமான பொருள்". பிளாஸ்டிக் மணிகளோ அப்பட்டியலில் இருக்கவில்லை. அமிலம் கடல்நீரிற் கரைந்து ஐதாகிவிடும். சாதாரணச் சரக்காகக் கருதப்பட்ட மணிகளே எஞ்சி நின்றன. மணிகளை நல்ல பொதியிலிட்டு, இயன்றவரை கப்பலின் தளத்திற்குக் கீழே ஏற்ற வேண்டுமென 2024இல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு பரிந்துரைத்தது. பரிந்துரை என்பது கட்டாயச் சட்டம் அன்று என்பதை மறவாதீர்கள்.

கடல்வாழ் உயிரினங்களைக் காக்க இலங்கையில் ஹிக்கடுவை (2002), திருகோணமலைக்கு அண்மையிலுள்ள புறாத்தீவு (2003) ஆகியன தேசிய பூங்காக்களாக்கப்பட்டுள்ளன. முருகைக்கல் உடைத்தல், டைனமைற் வெடித்து மீன்பிடித்தல் போன்றவற்றைத் தடுக்க இந்த எல்லைகள் உதவும். மிதந்துவரும் மணியை அவை மறிப்பதில்லை. 2025 மே 25இல் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் இந்தியாவின் கேரளக் கரைக்கு அப்பால் மூழ்கியது. அதிலிருந்த மணிகள் அடுத்த மாதமே மன்னார்க் கரையில் ஒதுங்கின. இம்முறை விபத்து நமது கடலிலே நடக்கவுமில்லை.

பயிற்சி வினா

(i) பொலித்தீன் மணிகள் கடல்நீரில் மிதப்பதற்கான காரணம் யாது?
(ii) கடற்கரையில் ஒதுங்கிய மணிகளை அகற்றுவதற்குப் பாரிய இயந்திரங்களைப் பயன்படுத்துவது உகந்ததன்று. இதற்கு இரு காரணங்கள் தருக.
(iii) "கடல்சார் தேசிய பூங்காக்களை அமைப்பதால் மாத்திரம் கடல்வாழ் உயிரினங்களைப் பாதுகாக்க முடியாது." எக்ஸ்பிரஸ் பேர்ள், எல்சா 3 ஆகிய இரு சம்பவங்களையும் ஆதாரமாகக் கொண்டு விளக்குக. (திகதிகளை அடுக்குவதற்குப் புள்ளியில்லை. மணிகளைக் காவிவந்த காற்றும் நீரோட்டமும் விடையில் இடம்பெற வேண்டும்.)