எலிகள் ஓடிய வீடு

அன்புள்ள யாழினி,

பீட்டர் முயலின் கதை உனக்கு மனப்பாடம். அது புத்தகமாகப் பிறக்கவில்லை, கடிதமாகப் பிறந்தது என்பது தெரியுமா? உடம்பு முடியாமல் படுத்திருந்த ஐந்து வயதுப் பையனுக்கு பியாட்ரிக்ஸ் பாட்டர் 1893-இல் படம் போட்டு எழுதி அனுப்பினார். பின்னாளில் பதிப்பாளர்கள் கைவிரிக்கவே, 1901-இல் சொந்தச் செலவில் 250 பிரதிகள் அச்சிட்டார். மறு ஆண்டு வார்ன் நிறுவனம் அதை வெளியிட்டது, விற்பனை சூடுபிடித்தது.

அந்த வருமானத்தோடு அத்தை விட்டுச்சென்ற பணத்தையும் சேர்த்து 1905-இல் அவர் வாங்கியதுதான் ஹில் டாப் பண்ணை. வட இங்கிலாந்தில், ஏரிகள் சூழ்ந்த லேக் டிஸ்ட்ரிக்ட் பகுதியில், நியர் சாரி என்ற சிற்றூரில் இருக்கிறது. அவருக்கு நிச்சயமாகியிருந்த நார்மன் வார்ன், நிச்சயம் முடிந்த ஒரே மாதத்தில் இறந்துபோனதும் அந்த ஆண்டுதான்.

வீடு நிறைய எலி. பாட்டர் பூனை வளர்த்தார். எலிகளைக் கதையிலும் ஏற்றிவிட்டார். 1908-இல் வந்த சாமுவேல் விஸ்கர்ஸ் கதையில், இரண்டு எலிகள் பூனைக்குட்டியைப் பிடித்து மாவில் சுருட்டுகின்றன. படத்தில் எலி ஓடும்போது பின்னால் தெரிகிற ஓக் மரத்துப் பாத்திர அலமாரி இன்றும் அந்த வீட்டில் நிற்கிறது. இன்னொரு கதையில் ஜெமிமா வாத்து முட்டையை ஒளித்து வைத்த தோட்டமும் இதே பண்ணையைப் பார்த்து வரைந்ததுதான்.

இந்த வீடு இன்று பாட்டரின் நினைவில்லம். நினைவில்லம் என்றால், எழுத்தாளர் போன பிறகு யாரோ அவர் பேனாவைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பது என்றுதான் நினைப்போம். இங்கே அப்படியில்லை. 1913-இல் வழக்கறிஞர் வில்லியம் ஹீலிஸை மணந்து, அருகிலேயே இருந்த காசில் காட்டேஜில் குடியேறிய பிறகும் பாட்டர் ஹில் டாப்பை விடவில்லை. தன் விருப்பம்போல் சாமான்களை அடுக்கி வைத்துக்கொண்டார். ஆகவே இந்த வீட்டையும் அவர் எழுதிய ஒரு புத்தகமாகவே எண்ணத் தோன்றுகிறது.

1943 டிசம்பரில் அவர் மறைந்தபோது 4,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலமும் பண்ணைகளும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்குப் போயின. ஹில் டாப் 1946-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

பாட்டரின் டாம் கிட்டன் கதையை எடுத்து, பூனைக்குட்டிகளை விட்டுவிட்டு அவற்றுக்குப் பின்னால் இருக்கும் வாசலையும் பாதையையும் மட்டும் பார். பிறகு ஹில் டாப்பின் புகைப்படம் ஒன்றைத் தேடி அருகில் வை. எது எது ஒத்துப்போகிறது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
பெரியம்மா