வெருகல் பாலமும் அதிர்வின் இரண்டு அளவுகளும்



திருகோணமலை–மட்டக்களப்பு வீதியில் ஒரு காலத்தில் மிதவைப் பாதையில் ஏறிக் கடக்க வேண்டியிருந்த வெருகல் ஆற்றின் மேல் இன்று பாலம் நிற்கிறது. பாலமாயினும் இயந்திரத்தின் தண்டாயினும், ஒருமுறை அசைக்கப்பட்டுத் தனியே விடப்பட்ட கட்டமைப்பு, தன் விறைப்பும் திணிவும் தீர்மானிக்கும் கணக்கில் ஒரு செக்கனுக்கு இத்தனை தடவை என அதிர்கிறது. அதுவே அதன் இயற்கை மீடிறன். உராய்வினாலும், பொருளினுள் ஏற்படும் சக்தி இழப்பினாலும், தாங்கிகளின் வழியே நிலத்துக்குச் செல்லும் சக்தியாலும் அவ்வதிர்வு ஒடுங்கி வருவது தணித்தல் எனப்படும்.

மீடிறனை அளப்பது ஒப்பளவில் எளிது. ஆர்முடுகல்மானியைத் தளத்தில் இறுகப் பொருத்திப் பெற்ற பதிவை மீடிறன் வாரியாகப் பிரித்து வரைந்தால், முகடு எழும் இடம் விடையைத் தரும். ஆனால் மானியைச் சரி நடுவில் மட்டும் வைப்பவருக்கு, நடுப்புள்ளி அசையாதிருக்கும் இரண்டாம் அதிர்வு வகை தெரியாமலே போகும்.

தணித்தலோ அவ்வளவு இலகுவில் பிடிபடுவதில்லை. ஒடுங்கிவரும் அதிர்வின் அடுத்தடுத்த இரு முகடுகளில் முந்தையதன் வீச்சத்தைப் பிந்தையதன் வீச்சத்தால் வகுத்து, அதன் இயற்கை மடக்கையை 2π ஆல் வகுத்தால், தணித்தல் சிறிதாயிருக்கையில், தணித்தல் விகிதம் ஏறத்தாழக் கிடைக்கிறது. 11 அலைவுகளில் வீச்சம் பாதியானால் அது ஏறத்தாழ 1 சதவீதம். 100 சதவீதம் என்பது கட்டமைப்பு அலையாமலே ஓய்வுக்குத் திரும்பும் எல்லை. மீடிறன் வரைபில் முகட்டின் உயரம் 0.707 மடங்காகும் இடத்து அகலத்தை இயற்கை மீடிறனின் இருமடங்கால் வகுத்தும் தணித்தல் விகிதத்தைப் பெறலாம். ஆயினும் பதிவு குறுகியதானால் முகடு தானாகவே அகன்று, இல்லாத தணித்தலை இருப்பதாகக் காட்டிவிடும். அதைவிட முக்கியமானது, சிறு அதிர்வில் உராய்வினால் பிடிபட்டிருக்கும் தாங்கிகளும் மூட்டுகளும் பெரிய அதிர்வில் வழுக்கத் தொடங்குவதால், வீச்சத்தோடு தணித்தலும் மாறுகிறது என்பதாகும். ஆகவே எந்த வீச்சத்தில், எம்முறையில் அளக்கப்பட்டது என்று சொல்லாத தணித்தல் எண்ணை நம்பலாகாது.

அந்த எண்ணின் பெறுமதியை லண்டன் மிலேனியம் நடைபாலம் உலகுக்குக் காட்டியது. 2000 ஜூன் 10 இல் திறக்கப்பட்ட அப்பாலம், நடப்போர் தம்மையறியாமல் பக்கவாட்டில் செலுத்திய விசையால் ஆடத் தொடங்கி, ஜூன் 12 இல் மூடப்பட்டது. கூட்டம் ஓர் எல்லையைத் தாண்டியதும், நடப்போர் ஊட்டிய சக்தி தணித்தல் விழுங்கும் சக்தியை மிஞ்சியிருந்தது. தணிப்பான்கள் பொருத்தப்பட்டு 2002 இல் அது மீண்டும் திறக்கப்பட்டது. கதிர்காமப் பாதயாத்திரை செல்லும் வெருகல் வழியில், கனத்த வாகனப் பாலத்தின் மேல் நடப்போருக்கு இவ்வச்சம் வேண்டியதில்லை. மெலிந்த நடைபாலத்தை வரைபவருக்கோ அது கட்டாயக் கணக்கு.

கைத்தொலைபேசியில் உள்ள ஆர்முடுகல் உணரியைக் கொண்டும் இவ்வளவீடுகளைத் தொடங்கலாம். வாகனப் பாலமொன்றில் அளப்பவர், லொறி இறங்கிச் சென்ற பின்னுள்ள பதிவை மட்டுமே தணித்தல் கணக்குக்கு எடுக்க வேண்டும். தளத்தின் மேல் நிற்கும்வரை லொறியின் திணிவும் வில்லுகளும் பாலத்தோடு சேர்ந்தே அதிர்கின்றன.