நூறு ரூபாய்க் குறைப்பும் ஆயிரம் ரூபாய் ஒதுக்கீடும்

நாடாள்வோர்க்குரிய இயல்புகளைக் கூறவந்த திருவள்ளுவர், பொருள் வரும் வழிகளை உண்டாக்குதல், வந்ததைச் சேர்த்தல், சேர்த்ததைக் காத்தல், காத்ததை வகுத்தல் என்னும் நான்கு செயல்களை இறைமாட்சி அதிகாரத்தில் ஒருசேர வைத்துள்ளார். முதல் மூன்றிலும் வல்ல அரசுகளை வரலாற்றில் பல காண்கிறோம். நான்காவதாகிய வகுத்தலில்தான் மக்களின் முறையீடு பிறக்கிறது. எவ்வூருக்குப் பாலம், எம்மாவட்டத்திற்கு அணை, எப்பகுதிக்கு இருப்புப்பாதை என்னும் வினாக்கள் யாவும் வகுத்தலைச் சார்ந்தவையே. மக்களாட்சியில் வகுப்பவர் அமைச்சர். வகுத்தது முறைதானா என்று நோக்க வேண்டியவர் மன்ற உறுப்பினர். அவ்வாறு நோக்குவதற்கு உறுப்பினர் கையில் என்ன கருவி உள்ளது என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

தமிழ் பயில்வோர்க்கு இஃது எதற்கு என்று சிலர் வினவக்கூடும். வகுப்பில் ஒரு மாணவர், "ஐயா, மானியம் என்றால் அரசு இலவசமாகத் தருவதுதானே? அதை அமைச்சர் ஏன் கோருகிறார்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. பழைய வழக்கில் மானியம் என்பது கோயிலுக்கோ, பள்ளிவாசலுக்கோ, ஊழியம் செய்வோர்க்கோ விடப்பட்ட வரியில்லா நிலம். உரத்திற்கும் எரிவாயுவிற்கும் அரசு தாங்கிக்கொள்ளும் விலைக்குறைப்பையும் இன்று மானியம் என்கிறோம். ஆனால் 'மானியக் கோரிக்கை' என்னும் தொடரில் கொடுப்பது மன்றம்; கேட்பது அரசு. ஒவ்வொரு துறையும் தன் ஆண்டுச் செலவுக்கு இவ்வளவு வேண்டும் என்று மக்கள் பேராளர்களிடம் கேட்டு நிற்கிறது. அரசியலமைப்பின் 113ஆம் பிரிவு நடுவணரசையும், 203ஆம் பிரிவு மாநில அரசுகளையும் அவ்வாறு கேட்டு நிற்க வைத்துள்ளன. சொல்லின் பொருள் தெளிந்தால் அதிகாரம் யாரிடம் உள்ளது என்பதும் தெளிவாகிவிடும்.

அதிகாரம் உண்டு, அதற்கு எல்லையும் உண்டு. கோரிக்கையை மன்றம் ஏற்கலாம், மறுக்கலாம், தொகையைக் குறைத்து ஏற்கலாம். கூட்டித் தர இயலாது. குடியரசுத் தலைவரின் அல்லது ஆளுநரின் பரிந்துரையின்றி எந்தக் கோரிக்கையும் மன்றத்தின்முன் வரவும் இயலாது. எனவே, தம் பகுதிக்கு நிதி போதவில்லை என்று குறைப்படும் உறுப்பினர், "இன்னும் நூறு கோடி சேருங்கள்" என்று தீர்மானம் கொணர முடியாது. அவர் செய்யக்கூடியது விந்தையானது. அத்துறையின் கோரிக்கையில் நூறு ரூபாயைக் குறைக்க வேண்டும் என்று வெட்டுத் தீர்மானம் தருகிறார். ஆயிரக்கணக்கான கோடிகளில் நூறு ரூபாய்! குறிப்பிட்ட ஒரு குறையை அவையில் எடுத்துரைப்பதற்கு மக்களவை விதிகள் வகுத்துள்ள வாயில் அது. அடையாள வெட்டு என்பர். கொள்கையையே எதிர்ப்பவர் கோரிக்கையை ஒரு ரூபாயாகக் குறைக்கச் சொல்வார். சிக்கனம் வேண்டுபவர் இவ்வளவு தொகை என்று குறிப்பிட்டுக் குறைக்கச் சொல்வார். பெறுவதற்காகக் குறைக்கக் கேட்கும் இந்த முறையை மாணவர்க்கு விளக்கும்போதெல்லாம், பழிப்பதுபோலப் புகழும் வஞ்சப் புகழ்ச்சி அணியே என் நினைவுக்கு வருகிறது.

வெட்டுத் தீர்மானம் வென்றால் அரசு அவையின் நம்பிக்கையை இழந்ததாகக் கொள்ளப்படும். ஆதலால் ஆளும் தரப்பு அதனை வெல்ல விடுவதில்லை. 2010 ஏப்ரலில் எரிபொருள் விலையுயர்வை எதிர்த்து மக்களவையில் கொணரப்பட்ட வெட்டுத் தீர்மானத்திற்கு ஆதரவாக 201 வாக்குகளும் எதிராக 289 வாக்குகளும் விழுந்தன. தோற்றாலும், அரசு தன் ஆதரவாளர் அனைவரையும் அவைக்கு அழைத்துவந்து எண்ணிக் காட்ட நேர்ந்தது. ஆங்கிலேயர் ஆட்சியிலோ அவையின் வாக்குக்கு அம்மதிப்புமில்லை. 1924இல் மோதிலால் நேருவின் தலைமையில் சுயராச்சியக் கட்சியினர் மத்தியச் சட்டசபையில் கோரிக்கைகள் சிலவற்றையும் நிதி மசோதாவையும் தோற்கடித்தனர். வைசிராய் தம் தனியதிகாரத்தால் அவற்றை மீட்டுக்கொண்டார். இன்று அத்தகைய தனியதிகாரம் எவர்க்குமில்லை.

இனி, ஆயிரம் ரூபாயின் கதையைக் காண்போம். 1924 முதல் இரயில்வேக்குத் தனி வரவு செலவுத் திட்டம் இருந்தது. 2017-18ஆம் ஆண்டு முதல் அது பொது வரவு செலவுத் திட்டத்துடன் இணைக்கப்பட்டது. எந்தப் பாதைக்கு எவ்வளவு என்னும் விவரம் 'பிங்க் புக்' எனப்படும் இளஞ்சிவப்பு ஏட்டில் வரும். 2020-21ஆம் ஆண்டுக்குரிய ஏட்டில், ஈரோடு - பழநி, மாமல்லபுரம் வழியாகச் சென்னை - கடலூர் உள்ளிட்ட தமிழகப் புதிய பாதைகள் பலவற்றிற்குத் தலா ஆயிரம் ரூபாய் ஒதுக்கப்பட்டிருந்தது. ஆயிரம் ரூபாய்க்குத் தண்டவாளத்தில் ஒரு முழங்கூட வாராது. பின் எதற்கு அத்தொகை? திட்டத்தின் பெயர் ஏட்டிலிருந்து நீங்காமல் இருப்பதற்கும், பிறிதோரிடத்தில் பணம் மிஞ்சினால் இக்கணக்கிற்கு மாற்றிக்கொள்ள வழி இருப்பதற்குமே. நிர்வாக முறையில் இதற்கு நியாயம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. மாநிலங்களின் துணை மானியக் கோரிக்கைகளிலும் இத்தகைய அடையாளத் தொகைகள் வருவதுண்டு. ஆயினும், ஆண்டுதோறும் ஆயிரம் ரூபாயே தொடருமாயின், "திட்டம் கைவிடப்படவில்லை" என்னும் விடை உண்மையாகவும் இருக்கும். ஊருக்கு இரயிலும் வாராது. ஒரு திட்டத்தை மறுத்துவிட்டால் அதை எதிர்த்து வாதிடலாம். மறுக்காமலும் கொடாமலும் வைத்திருப்பதை எதிர்த்து வாதிடுவது கடினம்.

ஒதுக்கீடு பெற்ற பணிகளிலும் காலத்தின் கணக்கு ஒன்று உண்டு. திருவாரூர் - காரைக்குடி மீட்டர்கேஜ் பாதையை நம் வாசகர் பலர் நன்கறிவர். அகலப் பாதையாக்கும் பொருட்டு 2012இல் அங்கு இரயில்கள் நிறுத்தப்பட்டன. காரைக்குடி - பட்டுக்கோட்டைப் பகுதி 2018இலும், பட்டுக்கோட்டை - திருவாரூர்ப் பகுதி 2019இலுமே மீண்டும் திறக்கப்பட்டன. அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, திருத்துறைப்பூண்டி மக்கள் ஏறத்தாழ ஏழாண்டுகள் இரயிலின்றி இருந்தனர். ஆறாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பள்ளிப் படிப்பையே முடித்துவிடும் காலம் அது. பாதையை மூடுவதற்கு ஓர் ஆணை போதும். திறப்பதற்கு ஒவ்வோராண்டும் பணம் வர வேண்டும். அந்த ஆண்டுத் தொகையை உரிய நேரத்தில் அவையில் கேட்டு வாங்குவதே அப்பகுதி உறுப்பினரின் முதற்பணி என்பது என் கருத்து.

கேட்பதற்கு அவையில் நேரம் இருக்கிறதா? குறித்த நாளின் மாலையில், விவாதிக்கப்படாது எஞ்சிய கோரிக்கைகளை எல்லாம் ஒருசேர வாக்குக்கு விடுவதைக் கில்லட்டின் என்கின்றனர். தலை துண்டிக்கும் பிரெஞ்சுப் பொறியின் பெயர் அது. 2018 மார்ச் 14ஆம் நாளும் 2023 மார்ச் 23ஆம் நாளும் மக்களவையில் அமளிக்கிடையே எல்லாத் துறைகளின் கோரிக்கைகளும் விவாதமின்றியே நிறைவேறின. அமளி செய்தோர்க்கும் அவையை நடத்தியோர்க்கும் அதில் பங்குண்டு. நூறு ரூபாய் வெட்டுத் தீர்மானங்களை முன்கூட்டியே எழுதித் தந்திருந்தவர்களுக்குத் தம் ஊர்க் குறையைச் சொல்ல ஒரு மணித்துளியும் கிட்டவில்லை.

இக்குறையை ஓரளவு ஈடுசெய்யவே 1993இல் துறைசார் நிலைக்குழுக்கள் பதினேழு அமைக்கப்பட்டன. 2004இல் அவை இருபத்து நான்காயின. இரு அவை உறுப்பினரும் கட்சி வேறுபாடின்றி அமர்ந்து, துறைச் செயலாளர்களை அழைத்துக் கேள்வி கேட்கின்றனர். கூச்சலில்லை, தொலைக்காட்சியுமில்லை. சென்ற ஆண்டு ஒதுக்கியதில் எவ்வளவு செலவாயிற்று என்னும் எளிய கேள்விக்கு அங்கே எழுத்து வடிவில் விடை கிடைக்கிறது. ஆனால் குழுவின் அறிக்கை பரிந்துரையே, அரசைக் கட்டுப்படுத்தாது. செலவு முடிந்தபின் தணிக்கைத் தலைவர் அறிக்கையும், 1967 முதல் எதிர்க்கட்சியினர் தலைமையில் இயங்கிவரும் பொதுக் கணக்குக் குழுவும் உள்ளன. ஊர் ஜமாஅத் பொதுக்குழுவில் சென்ற ஆண்டுக் கணக்கை வாசிப்பது போன்றது அது. தேவையானதுதான், ஆயினும் போன பணம் போனதே.

1993இல் தொடங்கிய தொகுதி மேம்பாட்டு நிதியைப் பற்றியும் ஒரு சொல். 2011-12 முதல் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர்க்கு ஆண்டுக்கு ஐந்து கோடி ரூபாய் அளவிற்குப் பணிகளைப் பரிந்துரைக்கும் உரிமை அதில் உண்டு. பயணியர் நிழற்குடைகளும் பள்ளிக் கட்டடங்களும் அதனால் எழுந்தன, மகிழ்ச்சியே. எனினும், செலவைச் சரிபார்க்க வேண்டியவரே செலவுக்குப் பெயர் சொல்பவராகும்போது, மக்கள் அவரிடம் நிழற்குடையைக் கேட்கின்றனர். கோரிக்கை விவாதத்தன்று அவையில் இருந்தாரா என்று கேட்பதில்லை.

வரவு செலவு ஆவணங்களும் அவை நடவடிக்கைகளும் இன்று எவரும் படிக்கக் கிடைக்கின்றன. வரும் பருவத்தில் மூன்றாமாண்டு மாணவர்களுடன் இளஞ்சிவப்பு ஏட்டின் தெற்கு இரயில்வேப் பகுதியை வரிவரியாகப் படிக்க எண்ணியுள்ளேன். நம் ஊர்ப் பெரியவர்கள் பழைய இரயில் கோரிக்கை மனுக்களின் படிகளையும் அவற்றிற்கு வந்த விடைக் கடிதங்களையும் வைத்திருப்பின், தமிழ்த்துறைக்குத் தந்துதவுமாறு கேட்டுக்கொள்கிறேன். படியெடுத்தபின் மூலத்தைத் திருப்பித் தந்துவிடுவோம்.