வைஃபை ஒன்று, கம்ப்யூட்டர் மட்டும் தெரியவில்லை!

கேள்வி: வீட்டில் இரண்டு விண்டோஸ் லேப்டாப்கள். இரண்டிலும் இன்டர்நெட் வருகிறது. ஆனால், ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றொன்று தெரியவில்லையே, ஏன்?

பதில்: இரண்டில் ஒன்று ‘கெஸ்ட்’ வைஃபையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், ரவுட்டரே இரண்டையும் பிரித்து வைத்துவிடும். அடுத்து, ஐபி முகவரி. 192.168.1.5, 192.168.1.8 என்பதுபோல முதல் மூன்று எண்கள் ஒத்திருக்க வேண்டும். ஒன்றில் 192.168.0 என்று வந்தால், நடுவில் இன்னொரு ரவுட்டர் இருக்கக்கூடும். அதுவும் சரியென்றால், செட்டிங்ஸில் நெட்வொர்க் வகையைப் பாருங்கள். ‘பப்ளிக்’ என்றிருந்தால் விண்டோஸ் உங்கள் லேப்டாப்பை மற்றவற்றிடமிருந்து மறைத்துவிடும். இரண்டிலும் ‘பிரைவேட்’ ஆக்கி, ‘நெட்வொர்க் டிஸ்கவரி’, ‘ஃபைல் ஷேரிங்’ இரண்டையும் ஆன் செய்யுங்கள். அவசரப்பட்டு ஃபயர்வாலை மட்டும் அணைத்துவிடாதீர்கள். உங்கள் ஃபைல்களுக்கு அதுதான் காவல்.